பார்லி படுத்திருந்த வாசல்

"தலை முழுகப் போறன் அம்மா, ஒரு இருவது நிமிசம் செல்லும்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் குளியலறைக் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் குனிந்து நாயின் காதருகே இங்கிலீஷில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள், நாய் அப்படியே மடங்கிப் படுத்துவிட்டது, படுத்த இடம் சமையலறை வாசல். வேறு இடமா இல்லை இந்த வீட்டில்? ஹாலில் ஜன்னலுக்குக் கீழே பழைய சால்வையை நாலாய் மடித்துப் போட்டிருக்கிறது, அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள மூன்றடிச் சந்தில், படிக்குக் குறுக்கே, வாலை வேறு உள்ளே நீட்டிக்கொண்டு. பிலோமினா அடுப்பை ஒட்டி நின்றாள். சமையலறைக்கு வாசல் ஒன்றுதான். பின்கதவு ஒன்று இருந்தது, குரங்கு வந்து பாத்திரத்தை உருட்டுகிறது என்று வீட்டுக்காரர் சவரிமுத்துதான் அதைச் செங்கல் வைத்து அடைத்தார், அடைத்த மனுஷன் போயே நாலு வருஷம் ஆகிறது, அவர் அடைத்த கதவுக்குள்ளே இன்றைக்கு நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், ஆண்டவரே அவர் ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி தாரும், நல்ல மனுஷன், கதவை அடைத்ததைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜெபமாலை ஹாலில் இருதயநாதர் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம், அந்த நாலு எட்டில் முதல் எட்டு நாயின் மேல். அதனால் விரல் ரேகையிலேயே ஜெபத்தை எண்ணத் தொடங்கினாள், கட்டைவிரல் நகர்ந்து நகர்ந்து நடுவிரலின் இரண்டாவது ரேகைக்கு வந்ததும் நின்றது, ஆறா ஏழா, ஆறென்றே வைத்துக்கொள்ளுங்கள் மாதாவே, ஒன்று கூடிப் போனால் என்ன குறையா. சப்பாத்தி மாவு பிசைந்த கை காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. ரவை டப்பாவுக்குப் பக்கத்தில் செல்போன் கிடந்தது. எட்வின் மஸ்கட்டிலிருந்து பேசி எட்டு நிமிஷம் ஆகியிருக்குமா? மாவுக்கையோடு இருந்ததால் முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினாள், அவன் குரல் அந்த அடுக்களை முழுவதும் கணீரென்று ஒலித்தது. "அம்மா, நான் பேசிட்டேன். ஏரிப் பக்கத்துல லாட்ஜ், மேனேஜர் நம்ம பையன்தான். பொண்ணுக்கு ரூம். நாயை ஜீப் ஷெட்ல கட்டிக்கலாமாம். அஞ்சரைக்கு ஜீப் வந்துரும். வீட்டுக்கு நாய் ஒத்துக்காதும்மான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்." "அவளுக்குக் கண்ணு தெரியாதேடா." "தெரியும்மா, அதான் ஜீப்பே அனுப்புறேன்." அவன் பேசியபோது குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் வந்துகொண்டிருந்ததா? வரவில்லையா? கதவு சாத்தின சத்தம், அப்புறம் போன் மணி, அப்புறம் எட்வின், அப்புறம்தான் வாளியில் குழாய்த் தண்ணீர் விழுந்தது, இல்லை, மணி அடிக்கும்போதே குழாய் திறந்திருந்தது. திறந்திருந்தால் கேட்டிருக்காது. திறக்காமல் இருந்தால் எல்லாமே கேட்டிருக்கும், மெல்லிய பலகைக் கதவு, உள்ளே தும்மினால் இங்கே கேட்கிறது.

மணி நாலே முக்கால். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. ஒத்துக்காதும்மா. சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே, ஒத்துக்காதும்மா யாழினி. பேரைச் சேர்த்தால் இன்னும் கஷ்டமாக இருந்தது. எட்வின் மேல் குறை சொல்லவும் முடியாது, இவள்தானே மத்தியானம் அவனுக்குப் போன் போட்டு, எனக்குப் பயமா இருக்குடா, கன்னுக்குட்டி அளவு இருக்குடா என்று அழாத குறையாகச் சொன்னாள். பெற்றவள் அழுதால் பிள்ளை சும்மா இருப்பானா, அங்கிருந்துகொண்டே ஜீப் பிடித்துவிட்டான், அப்படிப்பட்ட பிள்ளையைத் தந்ததற்கு நன்றி ஆண்டவரே, ஆனால் கொஞ்சம் மெதுவாகப் பிடித்திருக்கலாம். முன்பக்கத்து இரண்டு அறையை ஏற்காடு பார்க்க வருகிறவர்களுக்கு விடலாம் என்று யோசனை சொன்னது மகள் ரோஸ்லின். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அந்த அறை புக்கிங் ஆப்பை எல்லாம் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான். வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்று முதல் வரியாகப் போடச் சொன்னது பிலோமினா. போட்டிருந்தாள். போட்டவளே நேற்றுக் கூப்பிட்டு, "ம்மா, நாளைக்கு ஒரு பொண்ணு வருது, கனடாவுல இருக்கிற இலங்கைத் தமிழ்ப் பொண்ணு, கூட ஒரு நாய் வரும்" என்கிறாள். "என்னடி, போர்டு போட்டுட்டு நீயே…" "இது வளர்ப்புப் பிராணி இல்லம்மா. வேலை செய்யுற நாய். அந்தப் பொண்ணுக்குப் பார்வை இல்ல, அது கூட்டிட்டுப் போனாத்தான் அவ நடப்பா." "எதா இருந்தாலும் பல்லு இருக்குமில்ல?" "ம்மா, கடிச்சது என்னைய. பயம் உனக்கா?" என்று சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குத்தான் பிலோமினா தலையை ஆட்டியது. ஆட்டின தலை இன்று மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றபோது ஆடாமல் அப்படியே நின்றுவிட்டது. முதலில் இறங்கியது நாய். வெளுத்த சந்தன நிறம், மார்பில் பட்டை, பட்டையில் வளைந்த கைப்பிடி, அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முப்பது வயதுப் பெண், முதுகில் பை. ஒவ்வொரு படியிலும் நாய் நின்று, அவள் காலால் தடவிப் பார்த்து, அப்புறம் ஏறி. "வணக்கம் அம்மா, நான் யாழினி, இவன் பார்லி." பார்லி என்றதும் பிலோமினாவுக்குக் கஞ்சிதான் நினைவு வந்தது, நீர்க்கடுப்புக்குக் காய்ச்சுவது, உப்புப் போடாமல். சுவரைப் பிடித்துக்கொண்டு "வாம்மா" என்றாள். வாம்மா என்று சொன்ன வாய் இது. சேலத்தில் சிநேகிதிக்குக் கல்யாணம், அதற்கு வந்தவள், இன்னும் மூன்று நாளில் விமானம், அதுவரை சேலத்திலேயே இருந்திருப்பாள், வெயில்தான். "தார் ரோட்டில அவன்ர உள்ளங்கால் சுட்டுப்போச்சுதம்மா. கொப்புளம். ஒரு சத்தம் போடேல்ல, நடந்துகொண்டே இருந்தவன். நான் தடவேக்கதான் தெரிஞ்சுது." குளிருக்காக நேற்றுக் காலையிலேயே மேலே வந்தவளை இரண்டு வீட்டில் கேட்டோடு அனுப்பிவிட்டார்கள், அப்புறம்தான் ரோஸ்லினிடம் கேட்டிருக்கிறாள். "ஒரு இடத்தில நாயை வெளியில கட்டிப்போட்டு நீங்கள் மட்டும் வாங்கோ எண்டினம். நான் கேட்டன், கண்ணாடியைக் கழட்டி கேட்டில மாட்டிப்போட்டு நீங்கள் உள்ள வருவியளோ?" அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவர்களுக்கெல்லாம் எப்படிச் சிரிப்பு வருகிறது, ரோஸ்லினுக்கும் வருகிறது, எனக்குத்தான் வரமாட்டேன் என்கிறது.

வால் அசைந்தது. பிலோமினா சிங்க் பக்கம் ஒரு அடி ஒதுங்கினாள். தூக்கத்தில் அசைக்கிறதா, விழித்துக்கொண்டா? தரையைத் துடைத்தது போல் ஒரு தரம், அவ்வளவுதான். அன்றைக்கும் வால் ஆட்டிக்கொண்டுதான் வந்தது. முப்பத்திரண்டு வருஷம், ரோஸ்லினுக்கு ஆறு வயது, எஸ்டேட் லைனுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் ஆரஞ்சு பொறுக்கப் போனாள், கறுப்பு நாய், யாருடையது என்றும் தெரியாது, வால் ஆட்டிக்கொண்டு வந்தது, குழந்தை கையை நீட்டியது, நாய் கையை விட்டுவிட்டுக் கெண்டைக்காலைப் பிடித்தது. அம்மா என்று கத்தவில்லை, அதுதான் இன்றைக்கும் காதில் நிற்கிறது, கத்தாதது. பச்சைப் பாவாடை, அதில் ஈரம், ஈரம் சிவப்பென்று புரிவதற்குள். சோப்புப் போட்டுக் கழுவி, எஸ்டேட் ஜீப்பில் சவரிமுத்து ஓட்ட, இருபது வளைவும் இறங்கி, சேலம் பெரியாஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று. அந்தச் சின்ன வயிற்றில் எங்கே இடம் இருந்தது பதினாலுக்கு? முதல் நாள் ஏறி இறங்கியதிலேயே குழந்தை நாலு தரம் வாந்தி எடுத்தது, ஊசி போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தினம் முடியாது என்று அம்மாப்பேட்டையில் சித்தி வீடு இருக்கிறதே என்று போனாள். சொந்தச் சித்தி. வாசலிலேயே நின்று பேசினாள் சித்தி. "தப்பா நினைக்காத பிலோமி, புள்ளைங்க இருக்கிற வீடு. நாய்க்கடி பட்டது பதினாலு நாளைக்குள்ள குரைக்குமாம், பக்கத்துல போனா கவ்வுமாம். வயித்துக்குள்ள குட்டி உருவாகுங்கிறாங்க." குழந்தை பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் "ம்மா, எனக்குள்ள குட்டி இருக்கா?" என்று கேட்டது.   ஆறா, ஏழா, கட்டைவிரல் எங்கே இருந்தது? மறுபடி முதலிலிருந்து.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சித்தி வாசலில் நின்றது போல நானும் நிற்கப் போகிறேன், இல்லை, இது வேறு, சித்தி போட்டது பழி, இது பயம், பயத்துக்கு நான் என்ன செய்ய. சித்திக்கும் பயம்தானே. ஜீப்பே வரவழைத்திருக்கிறோம், லாட்ஜில் மெத்தை இருக்கிறது, சித்தி ஜீப்பா வரவழைத்தாள்? ஷெட்டில் கட்டிவிட்டால் அந்தப் பெண் எப்படிக் குளியலறைக்குப் போவாள்? யாராவது கை பிடித்துக்கொண்டு போவார்கள். யார்? லாட்ஜ் பையன்களா? ஐயோ மாதாவே. மேடை ஓரத்தில் பொறை பிஸ்கட் பொட்டலம் இருந்தது, கோயிலுக்குப் போகிற வழியில் குரைக்கிற நாய்களுக்கு எறிவதற்காக எப்போதும் வாங்கி வைப்பது, பக்தியால் இல்லை, உயிர் பிழைக்க. ஒன்றை எடுத்தாள். எறிந்தால் எழுந்து போகும், போகிற நேரத்தில் தாண்டி ஹாலுக்கு, ஹாலிலிருந்து வாசலுக்கு, வாசலில் நின்றுகொண்டே அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாம். சந்தின் மூலையைப் பார்த்து எறிந்தாள், பொறை சுவரில் பட்டு உருண்டு நாயின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நாய் கண்ணைத் திறந்தது. பொறையைப் பார்த்தது. நாக்கு வெளியே வந்து மூக்கை ஒரு தரம் துழாவிவிட்டு உள்ளே போனது, ஆசை இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் தலையை எடுத்துக் குளியலறைக் கதவைப் பார்த்து வைத்துக்கொண்டது. அப்போதுதான் பிலோமினாவுக்குத் தெரிந்தது, இது என்னை மறித்துக்கொண்டு படுக்கவில்லை, என்னைப் பார்க்கவே இல்லை, வந்ததிலிருந்து ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கதவு நேரே தெரிகிற இடம் இந்த வீட்டில் இது ஒன்றுதான், சந்து குறுகல், உடம்பு நீளம், மிச்ச உடம்பு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் சங்கதி. முன்னங்கால் ஒன்றைக் கொஞ்சம் தூக்கினாற்போல் மடித்து வைத்திருந்தது, அடியில் தோல் உரிந்து சிவப்பாக. கொப்புளம் என்றாளே. அந்தக் காலோடா இத்தனை படி ஏறி வந்தது?

மும்தாஜ் அக்கா பீங்கான் தட்டில்தான் போடுவாள், நீலப் பூப்போட்ட தட்டு. எங்கிருந்து வந்தாள் இப்போது மும்தாஜ் அக்கா? ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே குழாயடியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, குடம் எடுத்துக்கொண்டு வந்தவள். முன்னே பின்னே தெரியாதவள். "எந்த ஊரும்மா?" "ஏற்காடுக்கா." "என்னா புள்ளைக்கு?" "நாய் கடிச்சிருச்சு." குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள், ஒரு கை தண்ணீர் எடுத்துக் குழந்தை முகத்துக்கு முன்னால் காட்டினாள். குழந்தை குடித்தது. "தண்ணியப் பாத்து பயப்படலைல்ல? அப்ப வா." அவ்வளவுதான் பேச்சு. பதின்மூன்று நாள் அந்த வீட்டில். பின்சந்தில் ஒரே அறை, அந்த அறையில்தான் அவள் கொலுசுக்கு மணி கோக்கிற வேலை, அந்த அறையில்தான் அவளுடைய மூன்று பிள்ளைகள், மூன்றும் ரோஸ்லினை விடச் சின்னது. வந்த அன்றே ரோஸ்லின் காலில் ஒரு ஜோடி கொலுசைப் போட்டுவிட்டாள், மணி நிறைய வைத்தது, நடந்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். பிலோமினாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, யார் பெற்ற பிள்ளைக்கு யார் போட்டு அழகு பார்க்கிறார்கள் என்று. "குளிக்கும்போதும் கழட்டாத கண்ணு" என்பாள் அக்கா. இத்தனை வருஷமாக இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பிலோமினா அந்தக் கொலுசைச் சொல்லாமல் விட்டதில்லை, எவ்வளவு ஆசை பாருங்கள் என்று. அடுக்களையில் காய்ந்த மாவுக்கையோடு நின்றபோது, மணி நாலு ஐம்பதுக்கு, அந்தக் கொலுசு அவளுக்குள் வேறு மாதிரி குலுங்கியது. குளிக்கும்போதும் கழட்டாதே. மணி நிறைய. மணி கேட்டால் அக்கா நிமிர்ந்து பார்ப்பாள், கையில் குறடு இருக்கும், கொலுசுக் கண்ணி இருக்கும், ஆனாலும் நிமிர்ந்து, குழந்தை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் குனிவாள். சாப்பிட உட்காரும்போது ரோஸ்லின் இந்தப் பக்கம், அக்கா நடுவில், அவளுடைய மூன்றும் அந்தப் பக்கம், ஒரு நாளும் இடம் மாறினதில்லை. விருந்தாளிப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறாள் என்றல்லவா நினைத்தேன். அக்காவுக்குப் பயம். ஐயோ, அக்காவுக்குப் பயமாக இருந்திருக்கிறது. சித்திக்கு இருந்த அதே பயம், குரைக்குமா, கவ்வுமா, என் மூன்றையும் கடித்துவிடுமா என்று பதின்மூன்று நாளும் காதைத் தீட்டிவைத்துக்கொண்டு, அந்தப் பயத்தோடே சோறு போட்டிருக்கிறாள், அந்தப் பயத்தோடே நீலப்பூத் தட்டில், எங்களுக்குத் தெரியக்கூடாது என்று அதற்கு ஒரு வெள்ளிக் கொலுசைப் போட்டு மறைத்து. கடைசி நாள் ஊசி முடிந்து கிளம்பும்போது கொலுசைக் கழற்றிக் கொடுத்தாள் பிலோமினா. "புள்ள காலுல போட்டத வாங்குவாங்களா" என்று திருப்பி மாட்டிவிட்டாள், இரண்டு கையாலும், குனிந்து, கடிபட்ட அந்தக் காலில். அப்போது பயம் போயிருந்ததா? போயிருந்தால் என்ன, போகாவிட்டால் என்ன, மாட்டினாள் அல்லவா. பயம் இல்லாதவள் என்று நினைத்து இத்தனை நாள் நன்றி சொல்லிவந்திருக்கிறேன் ஆண்டவரே, பாதி நன்றிதான் சொல்லியிருக்கிறேன், மீதியை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வேன், அந்தச் சந்தே இப்போது இல்லை, அக்கா எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ, எங்கே இருந்தாலும் அவளுடைய மூன்றையும் கண்ணாகக் காப்பாற்றும்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. வாளி நகர்ந்தது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை, அப்புறம் உள்ளேயிருந்து, "அம்மா, அங்க நிக்கிறியளோ? துவாயை எடுக்க மறந்துபோனன். அறைக்குள்ள கட்டில்ல கிடக்கு." துவாய் என்றால் துண்டு, கேட்கும்போதே புரிந்துவிட்டது. "இதோம்மா" என்றது வாய். காலுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. கையைக் கழுவினாள், மாவு லேசில் போகவில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். வாசலுக்கு வந்தாள். மேலிருந்து பார்க்கும்போது நாயின் விலா ஏறி இறங்கியது, காதுக்குள்ளே ரோஜா நிறம். கருணை மாதாவே, ஒரு காலைத் தூக்குகிறேன், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வலது கால் அந்தப் பக்கம் போய்விட்டது. இடது கால் இந்தப் பக்கம் நின்றது. நடுவில் நாய். இப்படி ஒரு நிலையில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள், அறுபது வயதில். கெண்டைக்காலில் சூடாக மூச்சு பட்டது, பட்டு நின்று மறுபடி பட்டது. உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் ஓடி உச்சந்தலையில் போய் நின்றது, கண்ணை மூடிக்கொண்டு இடது காலையும் எடுத்தாள். எடுத்துவிட்டாள். ஹால்.  துண்டைக் கொண்டுவந்து கதவிடுக்கில் நீட்டினாள், ஈரக்கை ஒன்று தடவி வாங்கிக்கொண்டது. உள்ளேயிருந்து குரல், கொஞ்சம் தணிந்து, "அம்மா, மகன் போனில கதைச்சது கேட்டது. பறவாயில்லை. அஞ்சரை எண்டால் நான் உடுப்பு மாத்தி வெளிக்கிட நேரம் போதும். நீங்கள் அதைச் சொல்ல வேண்டாம், சொல்லக் கஷ்டமாயிருக்கும்."

குழாயை அப்போது திறக்கவில்லை, அவ்வளவுதான், தெரிந்துபோயிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் தலைமுழுகியிருக்கிறாள், இருபது நிமிஷமும், இங்கே நான் நின்ற இருபது நிமிஷமும். பிலோமினா பலகைக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு நாய்னா பயம்மா" என்றாள். இதைச் சொல்வது எளிதாக இருந்தது. "ரொம்பப் பயம். இப்பக்கூடக் காலு நடுங்குது." "ஓமம்மா, விளங்குது. அதுதான்…" "இரு, சொல்லி முடிச்சுக்கிறேன். பயம்தான். நீ இருக்கிற மூணு நாளும் பயந்துக்கிட்டேதான் இருப்பேன், நடு நடுவுல கத்தினாலும் கத்துவேன், நீ ஒண்ணும் நினைச்சுக்காத. நீ போக வேணாம்." உள்ளே துண்டால் துவட்டுகிற சத்தம் நின்றது. "பயத்தோட எப்பிடியம்மா?" "அதெல்லாம் இருக்கலாம்மா. இருந்திருக்காங்க."  போனை எடுக்க மறுபடி அடுக்களைக்குப் போக வேண்டுமே என்று நினைத்தபோதே போன் அடித்தது. "யம்மா, ஜீப் கெளம்பிருச்சாம்" என்று எட்வின் குரல் காதில் விழுந்தது. "இருடா, வரேன்" என்று நாய்க்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே, அந்தப் பக்கம் ரவை டப்பாவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். எடுக்காத போனிலிருந்து எட்வின் பேசுகிறான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள், இல்லை, அவள் மனசுதான் பேசியது, போன் அடித்துக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்துகொண்டு தலையில் துண்டு சுற்றி வந்த யாழினி, "நான் எடுத்துத் தரட்டோ?" என்று நாயை லேசாகத் தாண்டி, சத்தம் வந்த திசைக்கு நேராகப் போய், மேடையைத் தடவி எடுத்து நீட்டினாள், யாரும் வழி காட்டத் தேவையில்லாமல். "டேய் எட்வின், ஜீப்பை வேணாம்னு சொல்லிரு." "என்னம்மா ஆச்சு, பயம் போயிருச்சா?" "இல்லடா" என்றாள் பிலோமினா, "அது எங்க போகும்."

சப்பாத்தி சுட்டாள், உருளைக்கிழங்குக் குருமா சூடு பண்ணினாள், யாழினி மேடையைத் தடவித் தட்டைத் தானே எடுத்து வைத்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் பார்லி வந்து மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டது. "பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லமாட்டன்" என்றாள் யாழினி, "சொன்னால் போகாது." "போகாது" என்றாள் பிலோமினா. இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. வெளியே வெள்ளைப் புகையாய் மூட்டம் இறங்கி ஜன்னல் கம்பியில் ஈரம் கோத்தது. ஒரு வாய்க்கு இரண்டு தரம் மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். இரண்டு சப்பாத்தி முடிந்தது, மூன்றாவதும் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடிக்கிறவரை காலைக் கீழே விடவில்லை. எழுந்து போகவும் இல்லை.